ஒரு கேள்வி, நான்கு அடுக்குகள்: ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படிக்கும் முறை

எங்கள் கல்லூரி நூலகத்தில் அரசு நிர்வாகம் 351-ஆம் எண்ணில் இருக்கிறது. மனித உடலியங்கியல் 612. நோய்கள் 616. மேலாண்மை 658. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூயி பகுப்புமுறை வகுத்த வரிசை இது. முதல் எண்ணிலிருந்து கடைசி எண் வரை நடந்தால் நாற்பது அடி இருக்கும். முதுகலை ஆய்வேட்டுக்காக வரும் பிள்ளைகள் தங்கள் துறைக்குரிய அடுக்கின் முன்னால் மட்டும் நிற்பார்கள். அங்கே கிடைக்காவிட்டால், “இதைப் பற்றி யாரும் எழுதவே இல்லை மேடம்” என்று வந்து சொல்வார்கள். இருபத்திரண்டு ஆண்டுகளாக இதைக் கேட்டுவருகிறேன். எழுதியிருப்பார்கள். வேறு அடுக்கில், வேறு பெயரில் எழுதியிருப்பார்கள். அந்தப் பெயரைக் கண்டுபிடிக்கும் வழியைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

சென்ற ஆண்டு ஓர் எம்.காம். மாணவி வந்தாள். அம்மா அங்கன்வாடிப் பணியாளர். “வயிற்றுப்போக்கு மருந்துகளைச் சந்தைப்படுத்துதல்: ஓர் ஆய்வு” என்று தலைப்பு வைத்திருந்தாள். அவளோடு உட்கார்ந்து செய்த வேலையை அப்படியே எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். உங்கள் பொருள் வேறாக இருக்கலாம். வழி இதுதான்.

முதலில் கேள்வியைத் தமிழில் எழுதுங்கள்

அவளிடம் ஒரு பழைய பட்டியல் அட்டையைக் கொடுத்தேன். கணினி வந்தபிறகு எங்களிடம் பெட்டி பெட்டியாக மிஞ்சிக் கிடப்பவை. ஐந்து அங்குல நீளம், மூன்று அங்குல அகலம், கீழே கம்பி நுழைய ஒரு துளை. ஒரு பக்கத்தில் தட்டச்சு செய்த நூல் விவரம் இருக்கும், மறுபக்கம் வெறுமையாக இருக்கும். “உன் தலைப்பை மறந்துவிடு. உனக்கு உண்மையில் என்ன தெரிய வேண்டும்? வீட்டில் அம்மாவிடம் கேட்பதுபோல் எழுது” என்றேன். மூன்றாவது அட்டையில் இப்படி எழுதினாள்: “குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் ஓ.ஆர்.எஸ். கொடுக்க வேண்டும் என்று தெரிந்தும், மருந்துக் கடையில் ஏன் வேறு மருந்தை எடுத்துக் கொடுக்கிறார்கள்?”

இதுதான் கேள்வி. இதில் நான்கு துறைகள் ஒளிந்திருக்கின்றன. ஓ.ஆர்.எஸ். என்பது உடல் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டும் சர்க்கரை–உப்புக் கரைசல். அது எப்படி வேலை செய்கிறது என்பது அறிவியல். அது குழந்தையைக் காப்பாற்றுகிறதா என்பது மருத்துவம். எத்தனை குழந்தைகளுக்குப் போய்ச் சேர்கிறது என்பது அரசு. விற்பவர் ஏன் அப்படி நடந்துகொள்கிறார் என்பது வணிகம். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தபோது 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்புமுறை இந்த யோசனையின் மேல்தான் நிற்கிறது: ஒரு பொருளுக்குப் பல முகங்கள் உண்டு, முகம் முகமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். தேடும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

பிரித்த பிறகு, ஒவ்வொரு முகத்துக்கும் அந்தத் துறையினர் வழங்கும் ஆங்கிலச் சொல் என்ன என்று கண்டுபிடிக்க வேண்டும். பாதி வேலை இதுதான். மருத்துவர்கள் ‘ஓரல் ரீஹைட்ரேஷன்’ என்பார்கள். உடலியங்கியலார் அந்தச் சொல்லைத் தொடவே மாட்டார்கள். அவர்களுக்கு அது ‘சோடியம் குளுக்கோஸ் கோட்ரான்ஸ்போர்ட்’, சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்தே குடல் சுவரைக் கடப்பது. அரசு அறிக்கைகளில் ‘கவரேஜ்’. பொருளியலார் எழுதினால் ‘புரொவைடர் பிஹேவியர்’, அதாவது மருந்து தருபவரின் நடத்தை. அல்லது ‘நோ–டூ கேப்’. தெரிந்திருப்பதற்கும் செய்வதற்கும் உள்ள இடைவெளிக்கு அவர்கள் வைத்த பெயர். என் மாணவி ஒரு மாதமாக ‘மார்க்கெட்டிங்’ என்ற ஒரே சொல்லைப் போட்டுத் தேடிக்கொண்டிருந்தாள். கிடைக்காததில் வியப்பில்லை.

எழுத்துக்கூட்டலையும் கவனியுங்கள். வயிற்றுப்போக்குக்கான ஆங்கிலச் சொல்லை நாம் பள்ளியில் படித்தபடி ஓர் ‘ஓ’ சேர்த்து எழுதுகிறோம். அமெரிக்கர்கள் அந்த எழுத்தை விட்டுவிடுகிறார்கள். இரண்டையும் போட்டுத் தேடுங்கள்.

மருத்துவம்: 616

மருத்துவத்தில் தொடங்குவது நல்லது. காரணம், அங்கேதான் கதவு அகலமாகத் திறந்திருக்கிறது. மருத்துவக் கட்டுரைகளைத் தேட அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் பப்மெட் தளத்தை யார் வேண்டுமானாலும் பணம் கட்டாமல், பெயர் பதியாமல் பயன்படுத்தலாம். உங்கள் சொற்றொடரை மேற்கோள் குறிக்குள் இடுங்கள். வந்து விழும் ஆயிரக்கணக்கான முடிவுகளைப் பார்த்து மிரள வேண்டாம். பக்கவாட்டில் ‘சிஸ்டமேட்டிக் ரிவ்யூ’ என்ற வடிகட்டி இருக்கும். அதை அழுத்தினால், பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துத் தொகுத்துப் பார்த்த கட்டுரைகள் மட்டும் நிற்கும். முதலில் அவற்றில் ஒன்றைப் படியுங்கள்.

பிறகு ஒரு சிறு வேலை. நல்லதாகத் தோன்றும் ஒரு கட்டுரையின் பக்கத்தைத் திறந்து கீழே வரை போங்கள். அந்தக் கட்டுரைக்கு மருத்துவ நூலகம் இட்ட பொருள் தலைப்புகள் அங்கே இருக்கும். ஓ.ஆர்.எஸ். கட்டுரைகளின் அடியில் ‘ரீஹைட்ரேஷன் சொல்யூஷன்ஸ்’, ‘ஃப்ளூயிட் தெரபி’ என்று காண்பீர்கள். கட்டுரையாசிரியர் எந்தச் சொல்லால் எழுதியிருந்தாலும் ஒரே பொருளை ஒரே தலைப்பின் கீழ் கொண்டுவரும் ஏற்பாடு அது. அந்தத் தலைப்பை எடுத்து மறுபடி தேடுங்கள். உங்களுக்குத் தெரியாத சொற்களில் எழுதியவர்களும் அகப்படுவார்கள்.

ஒரு கட்டுரையை எப்படிப் படிப்பது என்பதை இரண்டு கட்டுரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். 1953-இல் கல்கத்தா மருத்துவர் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி, லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார். காலரா நோயாளிகள் 186 பேருக்கு வாய்வழியாகவே நீர்க்கரைசல் கொடுத்துத் தேற்றியதாகச் சொன்னார். அதே இதழில் 1968-இல் டேவிட் நாலினும் ரிச்சர்ட் கேஷும் டாக்காவிலிருந்து எழுதினார்கள். குளுக்கோஸும் உப்புகளும் கலந்த கரைசலைக் குடிக்கக் கொடுத்தால், நரம்பு வழியாக ஏற்ற வேண்டிய திரவத்தின் தேவை 80 விழுக்காடு குறைகிறது என்றார்கள். உலகம் இரண்டாவது கட்டுரையைத்தான் பிடித்துக்கொண்டது. ஏன்? மாணவியிடம் கேட்டேன். முடிவுரையை விட்டுவிட்டு, ‘செய்முறை’ என்ற பகுதியை மட்டும் இரண்டு கட்டுரைகளிலும் படிக்கச் சொன்னேன். அரை மணி நேரம் கழித்து வந்து, “முதலாவதில் ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை மேடம்” என்றாள். அவள் கண்டுபிடித்ததில் எனக்கு இருந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. சாட்டர்ஜி பொய் சொல்லவில்லை. ஆனால் கரைசல் இல்லாமலும் அவர்களில் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல அவரிடம் வழி இல்லை.

ஆகவே ஒரு கட்டுரையைக் கையில் எடுத்தால் நோட்டுப் புத்தகத்தில் ஐந்து கட்டம் போடுங்கள்: யாரிடம் செய்தார்கள், எத்தனை பேர், எதனோடு ஒப்பிட்டார்கள், என்ன கண்டார்கள், பணம் கொடுத்தது யார். கடைசிக் கட்டத்துக்கான விடை பெரும்பாலும் கட்டுரையின் இறுதியில் சிறிய எழுத்தில் இருக்கும். அதைப் படிக்காமல் விடாதீர்கள்.

அறிவியல்: 612

அறிவியல் கட்டுரைகளைச் சொற்களைக் கொண்டு தேடுவதைவிட, ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிடித்துக்கொண்டு போவது எளிது. ஒரு கட்டுரையின் துணைநூற்பட்டியலைப் பார்த்தால் பின்னோக்கிப் போகலாம். கூகுளின் ஆய்வுக் கட்டுரைத் தேடுதளமான கூகுள் ஸ்காலரில் ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே ‘சைட்டட் பை’ என்று ஓர் இணைப்பு இருக்கும். அதை அழுத்தினால், அதற்குப் பிறகு அதை மேற்கோள் காட்டியவர்கள் வருவார்கள், முன்னோக்கிப் போகலாம்.

பின்னோக்கிப் போனபோது இரண்டு பேரைச் சந்தித்தோம். ஒருவர் ராபர்ட் கிரேன். குடலின் சுவர் வழியே குளுக்கோஸ் உள்ளே போகும்போது சோடியத்தையும் கூடவே அழைத்துக்கொண்டு போகிறது என்ற கருத்தை 1960-இல் பிராக் நகரில் நடந்த கருத்தரங்கில் முன்வைத்தவர். சோடியம் போகும் இடத்துக்குத் தண்ணீரும் போகும். கரைசலில் சர்க்கரை இருப்பது சுவைக்காக அன்று என்று என் மாணவி அன்றைக்குத்தான் அறிந்தாள். நானும் ஒரு காலத்தில் அப்படி ஒரு கட்டுரையில்தான் அறிந்தேன். இந்த இணைப்பைக் கண்டறிந்ததை, இருபதாம் நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என்று லான்செட் 1978-இல் தலையங்கம் எழுதியது.

இன்னொருவர் சம்புநாத் டே. கல்கத்தாவில் முயலின் குடலை வைத்துச் சோதனை செய்து, காலராக் கிருமி சுரக்கும் நச்சே குடலில் நீரைப் பெருகச் செய்கிறது என்று 1959-இல் நேச்சர் இதழில் காட்டியவர். கட்டுரை வெளிவந்தபோது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. டே 1985-இல் காலமானார். அடுத்த ஆண்டு, மேற்கோள் அட்டவணை என்ற கருவியை அறிவியல் உலகுக்கு உருவாக்கிக் கொடுத்த யூஜின் கார்ஃபீல்ட், காலரா ஆராய்ச்சியில் யார் யாரை மேற்கோள் காட்டினார்கள் என்று வரைபடம் போட்டு, டேயின் கட்டுரை எவ்வளவு பெரிய திருப்பம் என்று எழுதினார். இதைப் பிள்ளைகளிடம் அடிக்கடி சொல்வேன். மேற்கோள் எண்ணிக்கை குறைவு என்பதற்காக ஒரு கட்டுரையைத் தள்ளிவிடாதீர்கள். முக்கியமாக அது நம் பக்கத்து ஊர்க்காரர் எழுதியதாக இருந்தால்.

முழுக் கட்டுரையும் கிடைப்பது எப்படி

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். பலர் திரும்பிப் போவது இந்த வாசலில்தான். சுருக்கம் மட்டும் தெரியும். முழுதும் படிக்க முப்பது நாற்பது டாலர் கேட்கும். பணம் கட்டாதீர்கள். முழுக் கட்டுரைகளை இலவசமாகத் தரும் பப்மெட் சென்ட்ரலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கூகுள் ஸ்காலரில் ‘ஆல் வெர்ஷன்ஸ்’ என்பதை அழுத்தினால் ஆசிரியர் தம் பல்கலைக்கழகப் பக்கத்தில் வைத்திருக்கும் பிரதி அகப்படும். நீங்கள் அரசுக் கல்லூரியில் படிப்பவரானால், 2025 ஜனவரி முதல் நடப்பில் இருக்கும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் 30 பதிப்பாளர்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் உங்களுக்கு உரியவை. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கிய திட்டம் இது. உங்கள் நூலகரிடம் போய்க் கேளுங்கள். கேட்பதற்கு ஒருவரும் வருவதில்லை என்பதுதான் எங்கள் வருத்தம்.

எதுவும் பலிக்கவில்லையென்றால் ஆசிரியருக்கே எழுதுங்கள். மூன்று வரி போதும்: நான் இன்ன ஊர்க் கல்லூரியில் இன்ன வகுப்பு மாணவி, இன்ன கேள்வியைப் படித்துவருகிறேன், உங்கள் இன்ன கட்டுரையின் பிரதி கிடைத்தால் உதவியாக இருக்கும். என் பிள்ளைகள் எழுதிய மடல்களில் பாதிக்காவது பதில் வந்திருக்கிறது. ஒருவர் கட்டுரையோடு ஆய்வுக்குத் தாம் பயன்படுத்திய கேள்விப் பட்டியலையும் சேர்த்து அனுப்பினார்.

பழைய கட்டுரையாக இருந்தால் மறுபதிப்பு உண்டா என்று பாருங்கள். திலீப் மகாலனாபிஸ் 1973-இல் எழுதிய கட்டுரையை அப்படித்தான் எடுத்தோம். உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டின் அதை 2001-இல் மறுபடி வெளியிட்டிருக்கிறது, இலவசமாகவே கிடைக்கிறது. 1971 வங்கதேசப் போரின்போது எல்லையோர ஊரான பங்காவ்னில் அகதிகளிடையே காலரா பரவியது. ஏற்றுவதற்கு நரம்பு வழித் திரவம் போதவில்லை. லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று கலந்து, உறவினர்களையே நோயாளிகளுக்குப் புகட்டச் சொன்னார். 30 விழுக்காடு வரை இருந்த இறப்பு 3.6 விழுக்காடாக இறங்கியது. லிட்டருக்கு ஆன செலவு 11 பைசா. அந்தப் பொட்டலங்களை எடைபோட்டு, சூடான இஸ்திரியால் ஒட்டிக் கட்டிய இடம் கல்கத்தா ஆய்வு மையத்தின் நூலக அறை. அந்த வரியை மாணவிக்குப் படித்துக்காட்டும்போது எனக்குக் குரல் தழுதழுத்துவிட்டது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் ஆய்விதழ்கள் பெருகிவிட்டன. எங்கள் மாணவர் ஒருவரின் கட்டுரையை ஓர் இதழ் நான்கே நாளில் ஏற்றுக்கொண்டு மூவாயிரம் ரூபாய் வாங்கியது. ஒரு திருத்தம்கூடக் கேட்கவில்லை. அப்படிப்பட்ட இதழில் வந்ததை உங்கள் வாதத்துக்குத் தூணாக வைக்காதீர்கள். நல்ல இதழ்களிலும் கட்டுரைகள் திரும்பப் பெறப்படுவதுண்டு. பப்மெட்டில் அப்படிப்பட்ட கட்டுரையின் தலைப்போடு அதற்கான அறிவிப்பு இருக்கும்.

அரசு: 351

அரசு திரட்டிய விவரங்கள் ஆய்விதழ்களில் இருக்காது, அறிக்கைகளில் இருக்கும். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றை (2019–21) எடுங்கள். வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளில் 60.6 விழுக்காட்டினருக்கு ஓ.ஆர்.எஸ். கிடைத்தது என்று இருக்கும். நான்காம் சுற்றில் 50.6. எண்ணைக் குறித்துக்கொள்வதற்கு முன் அடிக்குறிப்பைப் படியுங்கள். இது கணக்கெடுப்புக்கு முந்தைய இரண்டு வாரங்களில் வயிற்றுப்போக்கு கண்ட, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பற்றித் தாய்மார்கள் சொன்ன விவரம். மாவட்ட அளவில் பார்த்தால் சில எண்கள் அடைப்புக்குறிக்குள் இருக்கும். 25 முதல் 49 குழந்தைகளை மட்டும் வைத்துச் சொன்ன எண் அது. 25-க்கும் குறைந்தால் எண்ணே போடாமல் ஒரு நட்சத்திரக் குறி. தன் மாவட்டம் மாநிலத்தைவிட மோசம் என்று எழுத இருந்த என் மாணவி, அந்த அடைப்புக்குறியைப் பார்த்துவிட்டுப் பத்தியை அடித்தாள்.

ஆணைகளும் ஆய்வுக்கு ஆதாரம்தான். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய அளவுப்படி ஒரு லிட்டருக்கான பொடி 20.5 கிராம், அதில் குளுக்கோஸ் 13.5 கிராம். கடையில் விற்கும் இனிப்புப் பானத்தின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் சர்க்கரை அளவோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். உத்தரவின் காரணம் தானே விளங்கும்.

வணிகம்: 658

கடைசியாக அவளுடைய சொந்த அடுக்குக்கு வந்தோம், புதிய சொற்களோடு. பொருளியலார் தங்கள் கட்டுரைகளை இதழில் வருவதற்கு முன்பே எஸ்.எஸ்.ஆர்.என்., ரெபெக் போன்ற தளங்களில் வரைவாக வெளியிடுவார்கள். இலவசம்தான். ஆனால் பிறர் மதிப்பிடாதவை. அந்த எச்சரிக்கையோடு படிக்க வேண்டும்.

வங்கதேசத்தின் பிராக் (BRAC) என்ற தொண்டு நிறுவனத்தைப் பற்றிய கட்டுரைகள் முதலில் கிடைத்தன. 1980 முதல் 1990 வரை அவர்களுடைய பெண் பணியாளர்கள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போய், மூன்று விரலால் எடுத்த உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் என்று கலக்கக் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு வேறொருவர் போய், அந்தத் தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று சோதிப்பார். அதைப் பொறுத்துத்தான் கற்றுக்கொடுத்தவருக்கு ஊதியம். வணிகவியல் மாணவிக்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டுமா?

பிறகுதான் அவள் கேள்விக்கே நேராக விடை சொல்லும் கட்டுரை வந்தது. 2024-இல் சயின்ஸ் இதழில் வெளியானது. கர்நாடகத்திலும் பீகாரிலும் 253 ஊர்களில், மருத்துவம் பார்க்கும் தனியார் 2,000-க்கும் மேற்பட்டவர்களிடம் பயிற்சி பெற்ற ஆட்களை அனுப்பினார்கள். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று சொல்ல வேண்டும். சிலர் ஓ.ஆர்.எஸ். வேண்டும் என்று காட்டிக்கொண்டார்கள், சிலர் ஆன்டிபயாடிக் வேண்டும் என்றார்கள், சிலர் எதுவும் சொல்லவில்லை. வேறு சிலர், மருந்தை வெளியில் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்கள். விற்பவருக்கு இலாபம் என்ற காரணத்தை அகற்றிப் பார்க்க. பாதி இடங்களுக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களை முன்கூட்டியே கொடுத்து வைத்தார்கள். கையிருப்பு இல்லை என்ற காரணத்தை அகற்ற. கண்டது என்ன? ஓ.ஆர்.எஸ். கொடுக்காமல் போவதில் கையிருப்பின்மையின் பங்கு 6 விழுக்காடு, இலாபத்தின் பங்கு 5 விழுக்காடு. “வருகிறவர்கள் ஓ.ஆர்.எஸ். விரும்ப மாட்டார்கள்” என்ற தவறான எண்ணத்தின் பங்கு 42 விழுக்காடு.

42 என்ற எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடாதே என்று அவளைத் தடுத்தேன். நூற்றுக்கு 42 பேர் ஓ.ஆர்.எஸ். தருவதில்லை என்று இதற்குப் பொருள் இல்லை. கொடுக்காமல் விடுவதில் இந்த எண்ணத்தால் விளையும் பகுதி இவ்வளவு என்று பொருள். ஆய்வு நடந்தது இரண்டு மாநிலங்களில், நடுத்தர ஊர்களில், தனியாரிடம். நம் ஊர் மருந்துக் கடைக்கு அது அப்படியே பொருந்துமா என்பது அவள் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி.

கேட்டாள். தாய்மார்களுக்காகத் தயாரித்திருந்த நாற்பது கேள்விகளில் பாதியை நீக்கினாள். மருந்துக் கடைக்காரர்களுக்கென்று ஒன்றைச் சேர்த்தாள்: “வயிற்றுப்போக்கு என்று வரும் பத்துத் தாய்மார்களில் எத்தனை பேர் ஓ.ஆர்.எஸ். போதும் என்று நினைப்பார்கள் என்று கருதுகிறீர்கள்?” அதே கேள்வியை அதே தெருவின் தாய்மார்களிடமும் கேட்டாள், “நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்” என்று மாற்றி. நெறியாளர் தலைப்பை மாற்ற ஒப்புக்கொண்டார்.

ஆய்வேடு கொடுத்த அன்று அந்த அட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தாள். வெற்றுப் பக்கத்தின் நடுவில் கேள்வி, நான்கு ஓரங்களிலும் நான்கு துறைச் சொற்கள், எந்த நாளில் எந்தத் தளத்தில் தேடினாள் என்ற குறிப்போடு. பழைய பட்டியல் பெட்டியில் ‘வ’ என்று எழுதிய இழுப்பறையில், வயிற்றுப்போக்கு என்று தலைப்பிட்டுக் கம்பியில் கோத்து வைத்திருக்கிறேன். அந்த இழுப்பறைகளில் இப்போது பதினேழு அட்டைகள் சேர்ந்திருக்கின்றன. வெற்று அட்டைகள் என் மேசையின் இடப்பக்கம் இருக்கின்றன.